கோடைக்கு மட்டும் வேறு துறைக்குப் போகலாமா? ஆய்வுப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். தீபாவளி விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்திலேயே பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். அவர்களில் சிலர் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, திருட்டு மாங்காயை மடியில் வைத்திருப்பவர்கள்போல் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "மேடம், நான் மேலே படிக்கப்போவது ஒன்று, ஆசைப்படுவது இன்னொன்று. கோடைக்கு மட்டும் அந்தப் பக்கம் போய்வரலாமா?" வேறு சிலருக்கு ஆசை எதுவும் இல்லை. சொந்தப் பாடத்தில் இடம் கிடைக்கவில்லை, வேறொன்றில் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். இரு சாராருக்கும் வராந்தாவில் நின்று சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இனி கேட்பவர்களிடம் "இதைப் படித்துவிட்டு வா" என்று சொல்லிவிடலாம் என்ற சுயநலமும் உண்டு.

கோடை ஆய்வுப் பயிற்சி என்பது கம்பெனி இன்டர்ன்ஷிப் மாதிரிதானா?

பெயர் ஒன்று, பிழைப்பு வேறு. கம்பெனியில் நீங்கள் செய்யவேண்டிய வேலை என்ன, அது எப்படி முடியவேண்டும் என்று அங்கே யாருக்காவது தெரிந்திருக்கும். ஆய்வகத்தில் விடை உங்கள் கைடுக்கும் தெரியாது. தெரிந்தால் அவர் ஏன் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்?

பெரும்பாலும் எட்டு வாரம், மே மாதத்துக்கும் ஜூலைக்கும் நடுவில். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பழக்கமானது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐஐடி ஆகியவையும் தனித்தனியே நடத்துகின்றன. கடைசித் தேதிகள் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். ஏப்ரல் மாதம் வந்து "மேடம், ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பவர்களுக்கு ஜிகர்தண்டா வாங்கித் தருவேன். வேறு எதுவும் தர என்னால் முடியாது.

மத்திய அரசு அறிவியல் மாணவர்களுக்குத் தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று சொல்லப்படுவதில் 60,000 ரூபாய்தான் படிப்புச் செலவுக்கு. மீதி 20,000 கோடை ஆய்வுத் திட்டத்துக்கானது. அதைச் செய்யாமல் பணத்தை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

'வேறு துறை' என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? எவ்வளவு தூரம் போகலாம்?

துறைகளுக்கு நடுவே சுவர் இருப்பது கல்லூரிக் கட்டடத்தில்தான். இங்கிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டரில் இருக்கும் கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். குழி தோண்டியவர்கள் தொல்லியலாளர்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரி அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்குப் போனது. அங்கே கார்பன்-14 அளவை வைத்து அதன் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்று கணித்தார்கள். 2019-இல் வெளியான அறிக்கையில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்த எண் அதுதான். அதைச் சொன்னது அணு இயற்பியல். குழியில் கிடைத்த எலும்புத் துண்டுகள் புனே டெக்கான் கல்லூரிக்குப் போயின. அவை மாடு, எருமை, ஆடு என்று பிரித்துச் சொன்னது விலங்கியல் அறிவு. இப்போது சொல்லுங்கள், கீழடி எந்தத் துறை?

தூரத்தை அளக்க நான் ஒரு கோல் வைத்திருக்கிறேன். எந்த ஆய்விலும் ஆராயப்படும் பொருள் ஒன்று இருக்கும், ஆராயும் கருவி ஒன்று இருக்கும். கருவி என்றால் இயந்திரம் மட்டுமில்லை. கணக்குப் போடுவது, நிரல் எழுதுவது, நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கத் தெரிவது, எல்லாமே கருவிதான். பொருள், கருவி இரண்டில் ஒன்றாவது உங்களுக்குப் பழகியதாக இருக்கட்டும். இரண்டும் புதிது என்றால் எட்டு வாரத்தில் ஆறு வாரம் கலைச்சொற்களை மனப்பாடம் செய்வதிலேயே கழிந்துவிடும்.

ஆகவே "எந்தத் துறைக்குப் போகிறாய்?" என்று நான் கேட்பதில்லை. "கையில் என்ன எடுத்துக்கொண்டு போகிறாய்?" என்றுதான் கேட்பேன்.

பிறகு எம்.எஸ்சி., பிஎச்.டி. சேரும்போது "இவளுக்கு மனம் நிலையில்லை" என்று நினைக்க மாட்டார்களா?

எம்.எஸ்சி. இடம் பெரும்பாலும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் முடிவாகிறது. ஜாம் தேர்வின் வினாத்தாள் நீங்கள் மே மாதம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்காது.

நேர்முகத் தேர்வில் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். "இயற்பியல் மாணவிக்குக் கொசுவோடு என்ன வேலை?" என்று ஒருவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டால், அது உங்களுக்குக் கிடைத்த வரம். பாடப்புத்தகக் கேள்வியில் நீங்களும் நூறு பேரைப் போல ஒருவர். இந்தக் கேள்வியில் அந்த அறையிலேயே விவரம் அதிகம் தெரிந்தவர் நீங்கள்தான். ஆனால், அந்த இரண்டு மாதத்தில் எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டீர்கள், எப்படி அணுகினீர்கள், எங்கே தடுக்கி விழுந்தீர்கள் என்று மூன்று நிமிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழை நீட்டினால் போதாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பரிந்துரைக் கடிதத்துக்கு எடை அதிகம். உங்களை அருகிலிருந்து பார்த்த வேறு துறைப் பேராசிரியர், "இவள் தரவில் இருந்த பிழையைத் தானே கண்டுபிடித்தாள்" என்று எழுதும் ஒரு வரி, உங்கள் துறையின் பெரிய மனிதர் ஒருவர் "நல்ல மாணவி, ஒழுக்கமானவர்" என்று எழுதும் ஒரு பக்கத்தைவிட உதவும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கதவுகள் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இறுகிப் பூட்டிக் கிடக்கவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் (ஐஐஎஸ்சி) நடத்தும், எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த உயிரியல் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு இயற்பியல், வேதியியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டு, மூன்று இடங்களில் கிடைத்தால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பெரிய நிறுவனத்தின் பெயரைப் பார்க்கலாமா?

பெயரைப் பாருங்கள், ஆனால் கடைசியாகப் பாருங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். எம்.எஸ்சி. முதலாண்டு முடிந்த கோடையில், வெளியூரில் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் தாவரவியல் ஆய்வகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. ஊரில் ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று. மாட்டுத்தாவணியில் வழியனுப்ப அத்தை, மாமா, சித்தி குடும்பம் என்று ஒன்பது பேர் வந்தார்கள். அங்கே போனால் கைடு முதல் நாள் சிரித்தார், பிறகு ஐந்து வாரம் ஊரில் இல்லை. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் என்னிடம் கண்ணாடிக் குடுவைகளைக் காட்டினார். கழுவினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் குடுவைகள். ஆறு வாரம் குடுவை கழுவியதில் நான் கற்றுக்கொண்டது, குரோமிக் அமிலம் பட்டால் துப்பட்டாவில் ஓட்டை விழும் என்பதுதான். தவறு அவர்களுடையது மட்டும் இல்லை. போவதற்கு முன் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆகவே நீங்கள் கேளுங்கள். "நான் தினமும் காலை வந்தால் மாலைவரை என்ன செய்வேன்?" இதற்குத் தெளிவான பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. "என்னை நேரடியாகப் பார்த்துக்கொள்பவர் யார், வாரத்துக்கு எத்தனை முறை அவரோடு பேசலாம்?" என்பது இரண்டாவது கேள்வி. பெரிய ஆய்வகங்களில் உங்களுக்கு வாய்ப்பது பேராசிரியர் இல்லை, அவரிடம் நான்காம் ஆண்டில் இருக்கும் பிஎச்.டி. மாணவர். அவர் நல்லவராக வாய்த்தால் கோடை பொன்னானது. முடிந்தால், முந்தைய ஆண்டு அங்கே போனவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஐந்து நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

சொந்தத் துறையில் சுமாரான கைடு, வேறு துறையில் அக்கறையான கைடு என்று வந்தால் நான் யோசிக்காமல் இரண்டாமவரிடம் அனுப்புவேன். கேள்வியை உடைப்பது, குறிப்பேடு எழுதுவது, முடிவைச் சந்தேகிப்பது ஆகியவற்றை யாரிடம் கற்றாலும் உங்கள் பாடத்துக்குத் திரும்பி எடுத்துவரலாம்.

வெளியூர் போக வீட்டில் வசதியில்லை. மதுரையைச் சுற்றியே வேறு துறையில் எதுவும் செய்ய முடியுமா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். மதுரையில் என்ன இருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான்கு கதை சொல்வேன்.

முதல் கதை வௌவாலுடையது. சமணர் மலைக் குகை ஒன்றில், வெளிச்சமே எட்டாத ஆழத்தில், பூச்சி தின்னும் வௌவால்கள் வாழ்கின்றன. இருட்டிலேயே கிடக்கும் அவற்றுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் 1970-களின் பிற்பகுதியிலிருந்து இதை ஆராய்ந்தார்கள். குகைக்குள் அடைத்து வைத்த வௌவால்கூடத் தன் கூட்டம் கிளம்பும் நேரத்தோடு தன் உடற்கடிகாரத்தை ஒத்துப்போக வைத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். விலங்கியல் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒன்றையொன்று பார்த்து ஒத்துப்போகும் கடிகாரங்கள் என்பது அலைவுகளைப் படிக்கும் எந்த இயற்பியல் மாணவருக்கும் சொந்த வீட்டுக் கேள்வி.

இரண்டாவது கொசு. 1985-இல் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இப்போது அது புதுச்சேரியைத் தலைமையாகக் கொண்ட நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தின் பகுதியாகிவிட்டது. மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்கள் நெல் வயலில் பெருகுகின்றன. வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டிவைக்காமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் கொசு குறையுமா என்று இங்குள்ள வயல்களிலேயே சோதித்தார்கள். வேளாண்மை, பூச்சியியல், மருத்துவம் மூன்றும் ஒரே வரப்பில் நடந்தன.

இதில் கணக்குப் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். மாலை மங்கும் நேரம் மாட்டுத்தொழுவத்தைச் சுற்றிக் கொசு பிடித்து, ஐம்பது ஐம்பதாகச் சேர்த்து அரைத்து, அந்தத் தொகுதியில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு தொகுதியில் இருக்கிறது என்றால், ஒரு கொசுவில் இருந்ததா, ஏழு கொசுவில் இருந்ததா? தெரியாது. நூறு தொகுதி, மொத்தம் 5,000 கொசு, அறுபது தொகுதியில் வைரஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுதிக்கு ஒரு கொசு என்று எடுத்தால் ஆயிரத்துக்கு 12. நிகழ்தகவு தெரிந்த பிள்ளை வேறு வழியில் போகும்: வைரஸ் இல்லாத தொகுதி நூற்றுக்கு நாற்பது, 0.4-க்கு ஐம்பதாம் படி மூலம் எடுத்து ஒன்றிலிருந்து கழித்தால் ஆயிரத்துக்கு 18 வருகிறது. பாதிக்குப் பாதி கூடுதல். கொசுவைத் தொடாமலே கொசு ஆய்வுக்கு ஒரு கணித மாணவி செய்யக்கூடிய உதவி இது. (நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகாது.)

மூன்றாவது கண். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கியது என்பது ஊரறிந்த கதை. கணினி மாணவர்கள் அறியவேண்டியது வேறு. நீரிழிவால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றைக் கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். அதைப் பழக்கிய 1,28,175 படங்களில் அரவிந்த் உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை மருத்துவர்களைக் கொண்டு தரம்பிரிக்க வைத்தார்கள். ஏன் அத்தனை முறை? ஒரே படத்தைப் பார்த்து இரண்டு நல்ல மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். வகுப்பறையில் 'சரியான விடை' என்ற ஒரு நெடுவரிசை தரவுக் கோப்பில் தயாராக வந்துவிடுகிறது. அந்த நெடுவரிசை எப்படி உருவாகிறது, எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்று தெரிய மருத்துவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

நான்காவது நம் கண்மாய்கள். பொருளாதாரம், புவியியல், கணிதம், வரலாறு, யார் போனாலும் வேலை இருக்கிறது. மாடக்குளம் கண்மாயோ உங்கள் ஊர்க் கண்மாயோ, வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த மடை எப்போது திறக்கும், கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியே மறுகால் போனது கடைசியாக எந்த ஆண்டு என்று, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியைப் பின்தொடர்ந்து எழுதினாலே ஒரு கோடை போதாது. எங்கள் கல்லூரிக் கணித மாணவி ஒருத்தி, கடைமடைக்குத் தண்ணீர் எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். நீர்க்கட்டித் தாத்தா அதை மரியாதையோடு கேட்டுவிட்டு, "தாயி, எலி வளையை விட்டுட்டியே" என்றாராம். அவள் கணக்கில் எலி வளை சேர்ந்தது.

இவை தவிர யானைமலை அடிவாரத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. மலையேறினால் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. எல்லா இடத்திலும் கோடைத் திட்டம் என்று பலகை மாட்டியிருக்காது. கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்.

கடிதத்தில் என்ன எழுதுவது? என் பாடம் வேறு என்பதை மறைத்துவிடலாமா?

மறைக்காதீர்கள். முதல் வரியிலேயே சொல்லுங்கள். அதுதான் உங்கள் சரக்கு.

எனக்குக் காட்டப்படும் கடிதங்கள் ஏறக்குறைய ஒரே வார்ப்பு: "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, தங்கள் மகத்தான ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டேன். தங்கள் பொன்னான வழிகாட்டுதலில் பணியாற்றும் வாய்ப்பை நல்குமாறு..." இதே கடிதம் அறுபது பேருக்குப் போயிருக்கும் என்று வாசிப்பவருக்குத் தெரியும். ஒரு மாணவன் பெயரை மாற்ற மறந்து, ஒரு பேராசிரியரின் கடிதத்தை இன்னொருவருக்கு அனுப்பியதும் நடந்திருக்கிறது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "நான் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உயிரியலைப் பள்ளியோடு விட்டுவிட்டேன். கொசுத் தொகுதிகளைச் சோதிக்கும் உங்கள் கட்டுரையில் தொற்று விகிதத்தைக் கணக்கிட்ட முறையைப் படித்தேன். தொகுதியின் அளவு மாறினால் விடை எவ்வளவு மாறும் என்று சிறிய நிரல் எழுதிப் பார்த்தேன், இணைத்திருக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் உங்கள் குழுவில் வேலை செய்ய விரும்புகிறேன்." அவ்வளவுதான். பத்துப் பேருக்கு இப்படி எழுதுவது இருநூறு பேருக்கு அச்சடித்து அனுப்புவதைவிடக் கடினம், பலனும் அதிகம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்குமேல் வேண்டாம்.

அங்கே எல்லோரும் அந்தப் பாடம் படித்தவர்கள். ஒன்றும் தெரியாமல் போய் அவமானப்பட மாட்டேனா?

முதல் இரண்டு வாரம் படுவீர்கள். எல்லோரும் சிரிக்கும் நகைச்சுவைகூட உங்களுக்குப் புரியாது.

போவதற்கு முன் ஒரு மாதம் இருக்கிறதல்லவா? அந்தத் துறையின் தடித்த பாடநூலைத் திறக்காதீர்கள். கைடின் இரண்டு கட்டுரைகளை எடுத்து, புரியாத சொற்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு போங்கள். நாற்பது சொல் தெரிந்தால் உரையாடலில் நுழைந்துவிடலாம். அங்கே போனபின் "இது எனக்குத் தெரியாது" என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். முதல் வாரம் கேட்டால் ஆர்வம், ஆறாவது வாரம் கேட்டால்தான் அவமானம்.

நான் உயிரியல் படிக்கிறேன், கணக்கு வராது. கணினி சார்ந்த ஆய்வகத்துக்குப் போக முடியுமா?

"கணக்கு வராது" என்று சொல்பவர்களில் பலருக்கு ஒன்பதாம் வகுப்பில் ஒருவர் திட்டியதுதான் காரணம். பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து, சராசரி எடுத்து, வரைபடம் போடும் அளவுக்கு டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் யாரும் கற்றுக்கொள்ளலாம். அதைக்கூடச் செய்யாமல் போனால் குடுவை கழுவத்தான் விடுவார்கள், அங்கே குடுவையும் இருக்காது.

பெரிய விஞ்ஞானிகள் யாராவது இப்படித் துறை மாறியிருக்கிறார்களா?

அப்பா அம்மாவிடம் சொல்ல உதாரணம் வேண்டும், அதுதானே? தருகிறேன்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் 1976-இல் பிஎச்.டி. முடித்தார். முடித்தபின் மறுபடி மாணவராகவே உயிரியல் படிக்கப் போனார். 2009-இல் அவருக்குக் கிடைத்தது வேதியியல் நோபல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன், அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொலாஜன் மாதிரி வாங்கி, அந்தப் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-இல் கண்டறிந்தார். கொடைக்கானலில் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்ட ஜான் எவர்ஷெட், அதற்குமுன் இங்கிலாந்தில் ஒரு தொழில் நிறுவனத்தில் வேதியியல் பகுப்பாய்வாளராக வேலை பார்த்தவர். மாங்குளம் மலைக் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரை 1960-களில் வாசித்துச் சொன்ன ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி.

ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். மாறி வென்றவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். மாறித் தொலைந்தவர்களின் பட்டியலை யாரும் எழுதி வைக்கவில்லை. இவர்கள் யாரும் வெறுங்கையோடு போகவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ராமச்சந்திரன் எக்ஸ் கதிர் கணக்கோடு போனார்.

அப்படியானால் எப்போது போகக்கூடாது?

சொந்தப் பாடத்தில் ஓர் ஆய்வகத்துக்குள்ளேயே இதுவரை நுழைந்ததில்லை, இது பட்டப்படிப்பின் கடைசிக் கோடை, அதே பாடத்தில் பிஎச்.டி. செய்யப்போகிறேன் என்று முடிவும் செய்தாயிற்று என்றால், உங்கள் பாடத்திலேயே போங்கள். ஐந்தாண்டு வாழப்போகும் வீட்டை ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டாமா?

தோழி போகிறாள் என்பதற்காகப் போகாதீர்கள். உங்கள் பாடத்தில் அரியர் இருக்கும்போது, அதிலிருந்து தப்பித்து ஓடும் வழியாக இதை நினைக்காதீர்கள். ஆகஸ்டில் அரியர் அங்கேயே காத்திருக்கும். காசு கட்டினால் பதினைந்து நாளில் ஆய்வறிக்கையும் சான்றிதழும் தருகிறோம் என்னும் ப்ராஜெக்ட் சென்டர்களுக்கு எந்தத் துறையானாலும் போகாதீர்கள். அங்கே தருவது போன ஆண்டு இன்னொருவருக்குத் தந்த அதே அறிக்கை.

அப்பா "படிப்புக்குச் சம்பந்தமில்லாத இடத்துக்கு இரண்டு மாதம் எதற்கு?" என்கிறார். என்ன சொல்வது?

அப்பாவின் கேள்வியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: செலவு யார் தருவது, எங்கே தங்குவாய், இதனால் வேலை கிடைக்குமா. ஆராய்ச்சியின் மகத்துவம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றாதீர்கள். மூன்றுக்கும் தாளில் பதில் எழுதிக்கொண்டு போய் உட்காருங்கள். அகாதெமிகளின் திட்டத்தில் உதவித்தொகையோடு ரயில் கட்டணமும் தருகிறார்கள். ஆனால் பணம் தாமதமாக வரும் என்று எண்ணி, முதல் மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். விடுதி உண்டா என்று கடிதத்திலேயே கேட்டு வாங்குங்கள். பெண் பிள்ளைகள் விடுதியின் தொலைபேசி எண்ணையும் கைடின் அலுவலக எண்ணையும் அம்மாவிடம் எழுதிக் கொடுங்கள். சில வீடுகளில் பேராசிரியரின் ஒரு தொலைபேசி அழைப்பு முடியாததை முடிக்கும். நான் அப்படிப் பேசியிருக்கிறேன். ஒரு தகப்பனார் இருபது நிமிடம் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம், ஆனா அந்த வௌவாலு கடிக்காதுல்ல?" என்றார்.

வேலை கிடைக்குமா என்பதற்கு நேர்மையான பதில்: இதனால் மட்டும் கிடைக்காது. இயற்பியல் படித்து, மருத்துவத் தரவையும் தொட்டிருக்கும் பிள்ளை விண்ணப்பிக்கக்கூடிய இடங்கள் கூடும்.

பாதியில் பிடிக்காமல் போனால்?

மூன்றாவது வாரத்தில் பிடிக்காதது கணக்கில் சேராது, எல்லோருக்கும் அப்போது பிடிக்காது. ஐந்தாவது வாரத்திலும் காலையில் எழும்போது கசந்தால், அதுவும் ஒரு விடைதான். இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டது, பிஎச்.டி. மூன்றாம் ஆண்டில் தெரியவந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்ட வேலையை முடித்து, குறிப்பேட்டை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வாருங்கள். யாராவது தொந்தரவு செய்தால் மட்டும் முடிக்க வேண்டியதில்லை. அன்றே கிளம்பி வாருங்கள், கிளம்பும்போது எனக்குச் சொல்லுங்கள்.

கல்லூரியில் இதற்கு மதிப்பெண் உண்டா?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். போவதற்கு முன் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சித்திரைத் திருவிழா போய்விடுமே?

சிரிக்காதீர்கள், உண்மையாகவே ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியன்று. 2024-இல் அது ஏப்ரல் 23, எல்லோரும் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். 2025-இல் மே 12 ஆகிவிட்டது, பெங்களூருவில் இருந்த என் மாணவி ஒருத்தி ஆய்வகக் கணினியில் நேரலையைத் திறந்து வைத்திருக்கிறாள். பின்னால் வந்து நின்ற கைடு திட்டவில்லை. "அத்தனை பேர் கூடும் ஆற்றங்கரையில் கூட்டம் எந்தப் பக்கம் நகரும் என்று யாராவது கணக்கிட்டிருக்கிறார்களா?" என்று கேட்டாராம். அவள் வேதியியல் மாணவி. இந்த டிசம்பரில் கூட்ட நெரிசல் ஆய்வு செய்யும் ஒரு கட்டடப் பொறியியல் பேராசிரியருக்கு எழுத, என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு நிற்கிறாள்.